அம்மாவின் நிரையில் விழுந்த காயம்

எங்கே போனாலும் நான் பலகை படிக்கிறவள். உலு பெண்டுல் காட்டில் மற்றவர்கள் ஆற்றுத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பொட்டலத்து மீஹூனைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் வாசலில் நின்று எந்த மரத்துக்கு என்ன பெயர் என்று படித்துக்கொண்டிருப்பேன். தஞ்சோங் துவானில் கழுகுக் கூட்டம் கடலைத் தாண்டி வருவதைப் பார்க்க எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கலங்கரை விளக்கத்தின் பலகையை இரண்டாவது தடவை படித்து முடித்தேன். லுக்குட் கோட்டை மேடு, பங்கலான் கெம்பாஸ் நடுகற்கள், எதையும் விட்டதில்லை. "பரீட்சை வெக்கப் போறாங்களா?" என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்குப் படம் எடுத்தால் போதும், அடுத்தது சாப்பாட்டுக் கடை.

முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள் நான். நோயாளியின் கட்டில் காலில் தொங்கும் தாளைப் படிக்காமல் ஊசி போடக் கூடாது என்று பழகிய கண். வேலை ஓய்வுக்குப் பிறகு அந்தக் கண்ணுக்குப் படிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட காடு, பாதுகாக்கப்பட்ட கோட்டை, பாதுகாக்கப்பட்ட கிணறு என்று ஒவ்வொரு மாதமும் ஒன்றைத் தேடிக் கிளம்பிவிடுவோம். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போவதில்லை என்று வைத்திருந்தேன்.

லாபுவைத் தாண்டிப் போகும் பழைய பாதையில் இருக்கிறது அது, நான் பிறந்த தோட்டம். பெயரை எழுத மாட்டேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து வெகு நாளாகிவிட்டது. கித்தா என்கிற ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் பாதி அழித்து வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். துரை இருந்த பங்களாவை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் பின்னால் ஒரு துண்டுக் காடு, இரண்டுக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட ஒரு நாற்பது கித்தா மரம். சில வருடங்களுக்கு முன்னால் இந்த மூன்றையும் சேர்த்து வரலாற்றுத் தளம் என்று அறிவித்து வேலி போட்டார்கள். துரை குளித்த தொட்டிக்குக்கூடப் பலகை இருக்கிறதாம். நாங்கள் குளித்த பொதுக் குழாய் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன்.

மிதிக்க வைத்தது ஒரு படம். கூட வேலை பார்த்த தோழி கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் கித்தா மரத்தின் அருகில் நின்று, கையில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே மலாயில் எழுதியிருந்தது: தோட்டத்தின் கடைசி மண்டோர் என்னும் மேற்பார்வையாளர், கைதேர்ந்த பால்வெட்டுக்காரர், ஒவ்வொரு ஞாயிறும் நேரில் செய்து காட்டுகிறார். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இவன் இன்னும் சாகவில்லையா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு. இந்த மரத்திலிருந்து அந்த மரம்வரை இன்னாருடையது என்று வருடக்கணக்கில் ஒரே ஆள் வெட்டுவார். கித்தா மரத்தின் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் உள்ளே மரத்தில் பட்டுவிடும். அதற்குப் பெயர் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக ஆறாது, முண்டு கட்டிக்கொள்ளும். மறுபடி அங்கே கத்தி ஓடாது. அதனால் மண்டோர் மரத்துக்கு மரம் வந்து விரலால் தடவிப் பார்ப்பார். நிரை யாருடையதோ காயமும் அவருடையது. நீங்கள் படுத்துக் கிடந்து வேறு ஒருவர் பதிலுக்கு வெட்டியிருந்தாலும் சரி, நிரைக்கு உங்கள் பெயர்தான். அப்படித்தான் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கு வெட்டுகிறவன் யோக்கியனாக இருப்பான் என்ற நம்பிக்கையில் ஓடிய ஏற்பாடு அது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா காய்ச்சல் கண்டு சிரம்பான் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். அந்த எட்டு நாளும் ஆள் கிடைக்காமல் மண்டோரே அவளுடைய நிரையை வெட்டினான். அம்மா திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்துத் துரை மரம் பார்க்க வந்தார். மரத்துக்கு மரம் காயம். "இந்தப் பொம்பள கை சரியில்ல தொரை, நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்" என்று மண்டோர் சொன்னானாம். மறுநாள் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், எல்லாருக்கும் முன்னால் அம்மாவை நிறுத்தி, காயம் பட்ட பட்டைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் தோட்டம் முழுக்கப் பார்த்தது. அன்றைக்கே அவள் கத்தியை வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள்.

கத்தி போனவர்களுக்கு மிஞ்சுவது புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்துகொண்டு, வெறுங்கையில் குழாயைப் பிடித்து, நாளெல்லாம் அந்த நீலப் பச்சைத் தண்ணீரை அடிக்க வேண்டும். கையுறை என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டதே தாதிப் பயிற்சியில்தான். நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடிக்கிறவரை அம்மா அந்த வேலையைச் செய்தாள். முதலில் நகம் வெளுத்தது, பிறகு பிளந்தது, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. இப்போது அவள் விரல் நுனிகளில் இருப்பதை நகம் என்று சொல்ல முடியாது. தடித்து, மஞ்சளாகி, பக்கவாட்டில் வளைந்து சதைக்குள் இறங்கும். மாதம் ஒரு தடவை யாராவது வெட்டிவிடாவிட்டால் சீழ் பிடித்துக்கொள்ளும்.

அம்மா ரஹாங்கில் எங்களோடுதான் இருக்கிறாள். ஆனால் அந்த நகத்தை நான் வெட்டுவதில்லை. எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அன்று வந்து, அம்மாவின் கையை வெந்நீரில் ஊற வைத்து, வெட்டிவிட்டுப் போவாள். நான் எத்தனையோ நோயாளிகளுக்கு நகம் வெட்டியவள், பெற்ற தாய்க்கு வெட்டக் கொடுத்து வைக்கவில்லை. கேட்டால் "உனக்கு ஏன் கஷ்டம்" என்பாள். மகளிடம் அந்தக் கையைக் காட்டக் கூச்சப்படுகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாளிலிருந்து தோட்டத்தில் அம்மாவுக்குக் காயக்காரி என்று பெயர். பள்ளிக்கூட லாரியில் பிள்ளைகள் என்னைக் காயக்காரி மகள் என்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா அவசரக்காரி, வெட்டியிருப்பாள் என்று நானும் நம்பினேன். மண்டோரை வெறுத்தது அவன் பொய் சொன்னதற்காக அல்ல, இத்தனை பேர் முன்னால் அவளை நிறுத்தியதற்காக. பொய் என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தளத்துக்குப் போன பிறகுதான்.

அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகப் போனேன். சுற்றிக் காட்டுவதற்கு ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தாள். தலைத்துணிக்கு மேல் ஒலிபெருக்கிக் கம்பியை மாட்டிக்கொண்டு, துரையின் சாப்பாட்டு மேசை, துரையின் பியானோ, துரை வளர்த்த நாயின் சமாதி என்று மரியாதையாகக் காட்டினாள். நாய்க்குச் சமாதி இருக்கிறது, அதற்குப் பலகையும் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். பிறகு பங்களாவின் பின்புறம் அழைத்துப் போனாள். கித்தா மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மரத்தைக் காயப்படுத்துவது குற்றம், அபராதம் உண்டு என்று அங்கே ஒரு பலகை. அந்தப் பலகையை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன்.

கயிற்றுக்கு வெளியே இருந்த ஒரு மரத்தடியில் அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எண்பதை நெருங்கியிருப்பான். தலை பஞ்சாகிவிட்டது, கை மட்டும் நடுங்கவில்லை. எழுந்து கத்தியை எடுத்து, இடது பக்கம் மேலே வைத்து, சாய்வாக வலது பக்கம் கீழே இழுத்தான். பால் கோடு போட்டு இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. கூட்டம் கைதட்டியது. பிறகு அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிப் பேசத் தொடங்கினான். மலாயில்தான் பேசினான், சிரித்துச் சிரித்துப் பேசினான்.

"அந்த வரிசையைப் பார்த்தீர்களா? மரத்துக்கு மரம் முண்டு இருக்கும். ஒரு பெண்பிள்ளை வெட்டியது. கத்தியைப் பிடிக்கத் தெரியாது, வாய் மட்டும் இருக்கும். துரை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டார். அன்றைக்கே அவளை மருந்தடிக்க அனுப்பிவிட்டேன். மரத்தைப் பிள்ளை மாதிரி பார்க்க வேண்டும், இல்லையா?"

கூட்டம் சிரித்தது. அந்த இளம் பெண்ணும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வாரா வாரம் கேட்கிற கதை. என் அம்மாவைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தியது போதாது என்று, டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அவளை நிறுத்திக் காட்டுகிறான். அவன் போனாலும் இந்தக் கதை போகாது. இது வரலாற்றுத் தளம். இங்கே சொல்வதை மனப்பாடம் செய்து அந்தப் பெண் சொல்வாள், அவளுக்குப் பின் வருகிறவளும் சொல்வாள்.

கூட்டம் நகர்ந்த பிறகு நான் கயிற்றைத் தாண்டினேன். அம்மாவின் நிரை எனக்குத் தெரியும். துரை பங்களாத் தண்ணீர்த் தொட்டியின் அருகே தொடங்கும். முதல் மரத்தில் கையை வைத்தேன். என் நெஞ்சு உயரத்தில், வெட்டு வலது பக்கம் முடியும் இடத்தில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முண்டு. அதற்கு மேலே பட்டை வழவழவென்று ஆறியிருந்தது. கீழேயும் அப்படியே. அடுத்த மரத்திலும் அதே உயரம், அதே வலது ஓரம், ஒரே ஒரு முண்டு. அதற்கடுத்த மரத்திலும் அப்படித்தான். மரம் வளர்ந்தாலும் காயம் மேலே ஏறாது. விழுந்த உயரத்திலேயே நிற்கும். வெட்டு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும் என்பதால், மேலே இருந்தது அம்மா அதற்கு முந்தைய காலத்தில் வெட்டியது, ஒரு கீறல் கிடையாது. கைசுத்தம் இல்லாதவள் வருடக்கணக்கில் சுத்தமாக வெட்டிவிட்டு, ஏதோ ஒரு வாரம் மட்டும், எல்லா மரத்திலும் ஒரே ஓரத்தில் காயம் போடுவாளா?

தழும்பு படிப்பது என் தொழில். ஒரே டாக்டர் போட்ட தையல் எத்தனை உடம்பில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் ஆறும். நான் திரும்பி வந்து அவன் இப்போது வெட்டிக் காட்டிய மரத்தைப் பார்த்தேன். வெட்டு முடியும் இடத்தில், வலது ஓரத்தில், மணிக்கட்டைச் சுண்டி இழுத்ததில் கத்தி உள்ளே இறங்கியிருந்தது. அதற்கு மேலே போன வாரம் சுண்டிய தழும்பு, அதற்கு மேலே முந்தின வாரத்தது. முண்டு கட்டத் தொடங்கியிருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் காயத்தைத் தடவிப் பார்த்தவன், தன் வெட்டைத் தடவிப் பார்த்ததே இல்லை. அவன் வெட்டைப் பார்க்க அவனுக்கு மேல் ஒரு மண்டோர் இல்லை.

"ஆண்ட்டி, மரத்தைத் தொடாதீங்க, அபராதம் போட்டுடுவாங்க" என்று அந்த மலாய்ப் பெண் அவள் மொழியில் பதறிக்கொண்டு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. அழவில்லை. சந்தோஷமாக இருந்தது. கையும் களவுமாக ஒருவனைப் பிடித்த சந்தோஷம். வழியில் நிறுத்தி ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்கி முழுவதும் சாப்பிட்டேன்.

அன்றே அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் ஒரு பைத்தியக்காரக் கிழவி வந்து கத்திவிட்டுப் போனாள் என்று ஆகியிருக்கும். பழி வாங்கவும் ஓர் ஒழுங்கு வேண்டும். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கயிற்றுக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொரு மரத்தையும் படம் எடுத்தேன். பக்கத்து நிரைகளையும் எடுத்தேன். அங்கே எந்த மரத்திலும் அந்த முண்டு இல்லை. ஒவ்வொரு வாரமும் அவன் வெட்டு முடிகிற இடத்தை எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் அவன் அம்மாவின் கதையைச் சொல்லிச் சிரிப்பதையும் நின்று கேட்டேன். அது எனக்கு மருந்து மாதிரி, கோபம் ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டது. "கோயிலுக்கு இத்தன வாரமா? சாமிக்கே சலிச்சிடும் லா" என்றார் கணவர். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நானும் வரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இதை யாருடனும் பங்கு போட எனக்கு மனமில்லை.

நான்காவது தடவை போனபோது, கூட்டம் சேர்வதற்கு முன்னால் அந்த மலாய்ப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. இன்றைக்குக் கயிற்றை அவிழ்க்கிறேன், ஐந்து நிமிடம்தான் என்றாள். நல்ல பிள்ளை.

அன்று கூட்டத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். அவன் வெட்டிக் காட்டினான், பால் வந்தது, கைதட்டல் வந்தது, அந்தக் கதையும் வந்தது. முடித்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போனவனை நான் நிறுத்தினேன். கூட்டத்தைப் பார்த்து மலாயில் சொன்னேன்: ஐயா இப்போது வெட்டியதன் கடைசி ஓரத்தை எல்லாரும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். விளையாட்டு என்று நினைத்து ஒவ்வொருவராகத் தடவினார்கள். பிறகு கயிற்றுக்கு உள்ளே அழைத்துப் போய், அந்தப் பெண்பிள்ளை வெட்டியதாக ஐயா சொன்ன மரத்தின் முண்டைத் தடவிப் பாருங்கள் என்றேன். ஒரு சீனப் பெரியவர் இரண்டையும் தடவிவிட்டு, திரும்பிப் போய் மறுபடியும் முதல் மரத்தைத் தடவினார். "சாமா லா" என்றார். ஒன்றேதான் என்று அர்த்தம்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும்மா நீங்க?" என்று தமிழில் கேட்டான்.

"காயக்காரி மக" என்றேன். "எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்த எட்டு நாளும் இந்த நெரைய வெட்டுனது யாரு, மண்டோரே? நீங்கதானே?"

எவ்வளவு கோபம் இருந்தும் வாய் தானாக 'நீங்க' என்றுதான் சொன்னது. அதற்கும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவன் கத்தியைப் பார்த்தான். வெட்டின மரத்திடம் போய், அந்த ஓரத்தைத் தானே விரலால் தடவினான். அவன் அதைத் தடவியது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரிந்தது. விரலை எடுக்காமல் சொன்னான்.

"ஆளு இல்லாத நேரம்மா அது. எனக்கு மண்டோரு வேலையும் இருந்துச்சி. அவசரத்துல வெட்டிட்டேன். தொரை கேட்டாரு. நான்னு சொல்லியிருந்தா அந்த மருந்து டாங்கிய என் முதுகுல மாட்டியிருப்பாரு."

"அதனால எங்கம்மா முதுகுல மாட்டுனீங்க."

அந்த மலாய்ப் பெண் என்ன பேசுகிறோம் என்று கேட்டாள். நான் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மலாயில் கூட்டத்துக்குச் சொன்னேன். பெரட்டுக் களத்தில் அம்மாவுக்கு முன்னால் நின்ற ஆட்களைவிட இது சின்னக் கூட்டம்தான். இருந்தாலும் அவன் நிற்க, நான் பார்க்க, எனக்கு அது போதுமாக இருந்தது. கீழே கிடந்த ஒரு பட்டைச் சீவலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். எதற்கு என்று கேட்கவில்லை. அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"அம்மா இருக்காங்களாம்மா?" என்றான்.

"இருக்காங்க. நகந்தான் இல்ல."

அதற்குப் பிறகு அவன் அழுதான். வயதானவன் அழுவதைப் பார்த்து என் மனம் இளகியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். இளகவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று நின்று, அந்த முகத்தையும் படம் எடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மலாய்ப் பெண் எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் வரவில்லையாம், இனி வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். அந்த மரங்களுக்குப் புதிதாகப் பலகை வைக்கலாம் என்று அவள் மேலதிகாரியிடம் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாள். இந்த நிரையை வெட்டியவர் இன்னார், அவர் மீது சொல்லப்பட்ட குற்றம் பொய் என்று எழுத வேண்டும். அம்மாவின் முழுப் பெயரைக் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் இத்தனை பலகை படித்தவள் நான், எதிலும் எங்கள் ஆட்களைப் பார்த்ததில்லை. முதல் பலகை என் அம்மாவுக்கு. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன். படங்களைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை கணவர் பசாருக்குக் காய்கறி வாங்கப் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக அவள் மடியில் வைத்தேன். தொட்டியடி மரம், முண்டு, அவன் வெட்டு, அவன் அழுகிற முகம். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மரத்தின் படத்தை மட்டும் கையில் எடுத்து, முண்டுக்கு மேலே வழவழவென்று இருந்த பட்டையில் விரலை வைத்தாள்.

"இது நான் வெட்டுனது" என்றாள். பிறகு விரலைக் கீழே இறக்கினாள். "இது அவன். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. பெரட்டுல சொன்னேன், ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட சொன்னேன். ஊட்டுக்கு வந்து ஒங்கப்பாகிட்ட சொன்னேன். நீ அந்தாண்ட உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தே."

எனக்கு அது நினைவில் இல்லை. பரவாயில்லை, இனி நடக்கப்போவதைச் சொல்லலாம் என்று பலகை விஷயத்தைச் சொன்னேன். அந்த இடத்தில் அவள் பெயர் வரும், வருகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள் என்றேன். அம்மா படத்தை மற்ற படங்களோடு அடுக்கினாள். ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினாள்.

"எழுதட்டும்" என்றாள். "நீ சொன்னதயும் சேத்து எழுதச் சொல்லு."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ பெரிய பள்ளிக்கூடத்துல பாரம் ஒண்ணு படிக்கிறப்ப. மொதல்ல இந்த வெரல்ல நகம் கழண்டுச்சி. இன்னொண்ணு சதைக்குள்ள போயிடுச்சி. எனக்குப் புடிச்சி வெட்ட முடியல, ஒன்ன வெட்டி வுடச் சொன்னேன். நீ மூக்கப் பொத்திக்கிட்டு என்னா சொன்னே? மரத்த ஒழுங்கா வெட்டியிருந்தா ஒனக்கு இந்தக் கை வருமா, அனுபவின்னு சொன்னே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அவன் பொய் சொன்னது அவன் பொழப்புக்கு. நீ எதுக்கு நம்புனே?"

சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஆனால் அது என் பேச்சுதான். அந்த வயதில் நான் அப்படித்தான் பேசுவேன் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் சோறு போட்டு, பிள்ளை வளர்த்துக் கொடுத்து, ஒரு கடுஞ்சொல் சொல்லாமல், அவள் எனக்கு அந்தக் கையை மட்டும் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு ஞாயிற்றுக்கிழமையில் பழி வாங்கி முடித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்தி வந்தவள் நான்.

எழுந்து போய் வெந்நீர் வைத்தேன். இழுப்பறையிலிருந்து நகவெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன்.

அம்மா இரண்டு கையையும் சேலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எதிர் ஊட்டுப் புள்ள ஞாயித்துக்கெழம வரும்" என்றாள்.

அன்று திங்கட்கிழமை.